ஏழு வேலைகளா, ஏழு பேரா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் தொடர்ந்து படிக்க வசதியாக இருக்கும். வயது 31. ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் எட்டு வருடமாக வேலை. மாலையிலும் வார இறுதியிலும் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறீர்கள். கடந்த 14 மாதங்களில் ஏழு வேலைகளைப் பணம் வாங்கிக்கொண்டு முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். இனி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரையலாமா என்று கேட்கிறீர்கள். பிடித்ததைத் தொழிலாக்கினால் பிடித்தம் போய்விடும் என்று பலரும் பயமுறுத்துகிறார்கள், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவும் எழுதிய பிறகு கடைசி வரியில், "எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்றே தெரியவில்லை" என்று முடித்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலையை விடுவதா வேண்டாமா என்பதெல்லாம் அதைச் சுற்றி வருகிற கேள்விகள்.

நான் 19 வருடங்களாகச் சுயதொழிலில் இருக்கிறேன். புத்தக அட்டை, உள்பக்கப் படங்கள், பக்க வடிவமைப்பு. அதற்கு முன் ஆறு வருடம் சம்பள வேலை, அதில் கடைசி மூன்று வருடம் இரண்டையும் சேர்த்தே ஓட்டினேன். இந்த அனுபவத்திலிருந்துதான் பேசுகிறேன். உங்கள் படங்களை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் தகுதி இருக்கிறதா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். மிகச் சாதாரணமாக வரைகிறவர்கள் இருபது வருடம் நன்றாகப் பிழைத்ததைப் பார்த்திருக்கிறேன். கோட்டைப் பார்த்தாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும்படி வரைகிற ஒருவர் இரண்டே வருடத்தில் அலுவலக வேலைக்குத் திரும்பியதையும் பார்த்திருக்கிறேன். அதனால் தகுதியை எடை போடுவதை விட்டுவிட்டு எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றைக் கேட்கிறேன். ஏழு வேலைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவை ஏழு பேரிடமிருந்து வந்தவையா, அல்லது நான்கு பேரிடமிருந்தா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், ஒருவர் முதல் முறை வேலை கொடுப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். தெரிந்தவர் சொல்லியிருப்பார், நீங்கள் கேட்ட தொகை குறைவாக இருந்திருக்கும், ஒப்புக்கொண்டிருந்த ஓவியர் கடைசி நேரத்தில் கைவிரித்திருப்பார். அதே ஆள் இரண்டாவது முறை வந்தால் காரணம் ஒன்றுதான். உங்களோடு வேலை செய்து பார்த்துவிட்டார், இன்னொரு முறையும் செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறார். நீங்கள் தேதி தவறாமல் கொடுத்தது, மெயிலுக்குப் பதில் போட்ட வேகம், திருத்தம் சொன்னபோது முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டது எல்லாம் அந்த இரண்டாவது அழைப்புக்குள் இருக்கிறது. நண்பர்களின் பாராட்டோ, படத்தைப் பகிரும்போது விழுகிற இதயக் குறிகளோ இதற்கு ஈடாகாது. அவை பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றைக் கொடுக்கிறவர் பையிலிருந்து எதுவும் போவதில்லை.

தொழிலின் தொடக்கத்தில் ஒரு பதிப்பகத்தில் ஓவியர்களைத் தேர்வு செய்கிற பொறுப்பில் இருந்தவர் பக்கத்தில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க வாய்த்தது. அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் நிறைய மாதிரிப் படங்கள், அத்தனையும் அழகு. மேசைக்கு எதிரே சுவரில் கையால் எழுதிய ஒரு தாள், அதில் ஒன்பது பெயர்களும் போன் நம்பர்களும். பிற்பகலில் ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது. நாலு பக்கம் புரட்டினார், தலை நிமிர்ந்து சுவரைப் பார்த்தார், போனை எடுத்தார். ஃபோல்டரைத் திறக்கவே இல்லை. நான் கேட்டதற்கு, "நல்லா வரையறவங்க அதுல நிறையப் பேர் இருக்காங்க. சொன்ன தேதிக்கு, சொன்ன அளவில் கொடுக்கறவங்க இந்தத் தாள்ல இருக்காங்க" என்றார். அந்தத் தாளில் ஏறுவதுதான் இந்தத் தொழில் என்று அன்றைக்குப் புரிந்தது. உங்கள் பெயர் எத்தனை சுவர்களில் இருக்கிறது என்பதற்கு உங்களிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி, திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கை.

இனி, வேலையை விடுவது. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: இரண்டையும் சேர்த்துச் செய்ய உடம்பும் நேரமும் இடம்கொடுக்கிற வரை விடாதீர்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று யாராவது கிண்டல் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். ராஃபி, ஃபெங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014-இல் அமெரிக்கத் தரவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சம்பள வேலையில் இருந்துகொண்டே சொந்தத் தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்கள், ஒரேயடியாகக் குதித்தவர்களைவிடத் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று அதில் தெரிந்தது. ஆனால் இது எல்லா வகைச் சுயதொழிலையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு, ஓவியர்களை மட்டும் பார்த்தது அல்ல. மெதுவாக மாறியவர்கள் இயல்பிலேயே நிதானமானவர்களாக இருந்து, அந்த நிதானமே அவர்களைக் காப்பாற்றியிருக்கவும் கூடும். எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். அது காட்டும் திசை மட்டும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரொலோப் 1834-இல் அஞ்சல் துறையில் சேர்ந்தார், 1867 வரை அங்கேயே வேலை பார்த்தார். அதிகாலை ஐந்தரை மணிக்கு உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதிவிட்டு வேலைக்குப் போவார் என்பது பலருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வேலையை விட்ட விதம். அறுபது வயது வரை இருந்தால் கிடைக்கக்கூடிய ஓய்வூதியத்துக்குச் சமமான வருமானம் தன் சேமிப்பிலிருந்து வரும் நாளில் விலகுவது என்று மனைவியோடு பேசிப் பல வருடம் முன்பே முடிவு செய்திருந்தார். அந்த நாள் வந்தபோது வயது 52, புகழின் உச்சியில் இருந்தார். இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் இன்னொரு விதம். 1976-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் அவருடைய படைப்பு அரங்கு நிறைந்து நடந்தது. அப்படியும் அந்தத் தயாரிப்பு கடனில்தான் முடிந்தது. அவர் திரும்ப டாக்ஸி ஓட்டப் போனார். கைதட்டல் வேறு, கல்லாப்பெட்டி வேறு என்று நீங்களும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். கணக்குப் பிரிவில் இருக்கிற உங்களுக்கு அது எங்களைவிடச் சுலபமாக வரும்.

சரி, கணக்குக்கே வருவோம். எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். உங்கள் மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு 1200. வருடத்தில் வார விடுமுறை 104 நாள் போக 261 நாள். சம்பளத்தை அதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 4.6 வரும். பலரும் இந்த எண்ணை வைத்துத்தான் விலை சொல்கிறார்கள், ஆறு மாதத்தில் திண்டாடுகிறார்கள். இதுவரை அலுவலகம் உங்களுக்காகச் செய்த செலவுகள் இனி உங்கள் தலையில்: கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர், காப்பீடு, கணக்காளர் கட்டணம், ஓய்வுக்காலச் சேமிப்பு. அதற்குக் கால் பங்கு கூட்டினால் தேவை 1500. நாட்களிலோ பண்டிகை, காய்ச்சல், வீட்டு விசேஷம் என்று 25 போய்விடும், மிச்சம் 236. அந்த 236-இல் பாதியில்தான் யாராவது பணம் தருகிற வேலையைச் செய்வீர்கள். அதாவது 118 நாள். 1500-ஐ 118-ஆல் வகுத்தால் 12.7. சம்பளத்திலிருந்து கணக்கிட்ட நாள்கூலியைப்போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. இப்போதைய வருமானத்தில் அப்படியே நிற்பதற்கு இவ்வளவு, பேராசைக்கு இதில் இடமே இல்லை.

பாதி நாள்தானா என்று நம்ப முடியாமல் பார்ப்பீர்கள். நானும் நம்பவில்லை. மூன்றாவது வருடத்தில் ஒரு மாதம் மேசை மேல் நோட்டுப் புத்தகம் வைத்து, எழுந்து போகும்போதெல்லாம் என்ன செய்தேன், எவ்வளவு நேரம் என்று குறித்தேன். மாத முடிவில் 158 மணி நேரம். அதில் பேனாவோ பிரஷ்ஷோ கையில் இருந்தது 71 மணி நேரம். மிச்சமெல்லாம் எங்கே போனது? கிடைக்காமல் போன இரண்டு வேலைகளுக்கு எஸ்டிமேட் தயாரித்தது, வராத பணத்துக்கு நினைவூட்டல் அனுப்பியது, அச்சகம் கேட்ட வடிவத்துக்குக் கோப்புகளை மாற்றியது, ஒரே மாற்றத்துக்காக நாற்பது நிமிடம் போனில் பேசியது, பில் போட்டது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீங்களும் அடுத்த வேலையை எடுத்தவுடன் இப்படிக் குறித்துப் பாருங்கள். என்னுடைய 71 உங்களுக்கு 90 ஆகலாம், 60 ஆகலாம். உங்கள் எண் கையில் இருந்தால் விலை சொல்லும்போது குரல் தடுமாறாது.

பணம் வருகிற நேரம் என்று ஒன்றும் இருக்கிறது. சம்பளம் மாத முடிவில் வந்துவிடும். இங்கே வேலை கிடைத்து, வரைந்து, ஒப்புதல் வாங்கி, பில் போட்ட பிறகு இரண்டு மூன்று மாதம் காத்திருப்பது சாதாரணம். ஆகவே கை நிறைய வேலை இருக்கும்போதே வீட்டுச் செலவுக்குப் பணம் இல்லாமல் போகலாம். ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். வேலை பிடித்து முடிக்க மூன்று, பணம் வர மூன்று. வருகிற ஒவ்வொரு தொகையிலும் வரிக்கான பங்கை அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். எத்தனை சதவீதம் என்பது நீங்கள் வாழும் நாட்டு விதிகளைப் பொறுத்தது, அதை ஒரு கணக்காளரிடம் கேட்பதே சரி. அந்த விஷயத்தில் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழுத்தில் வாங்குவதைப் பற்றிச் சொல்லாமல் போனால் மனது கேட்காது. நான்காவது வருடத்தில் ஒரு 24 பக்கச் சிறுவர் புத்தகத்தை போனில் பேசியே ஒப்புக்கொண்டேன். கொடுத்தவர் நல்ல மனிதர், ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாதவர். எல்லாப் பக்கங்களையும் வண்ணத்தில் முடித்து அனுப்பிய பிறகு, கதையின் நாயகியை ஒரு பையனாக மாற்றலாம் என்று அவர்கள் பக்கம் முடிவானது. "முகத்தையும் உடையையும் மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுத்துருங்க, சின்ன வேலைதானே" என்றார். அந்தப் பெண் 16 பக்கங்களில் இருந்தாள். சில பக்கங்களில் அவளுடைய பின்னல் காற்றில் பறந்து பக்கத்தின் அமைப்பையே தாங்கிக்கொண்டிருந்தது. மாற்றமாட்டேன் என்று சொல்ல என் கையில் ஒரு வரி கூட எழுத்தில் இல்லை. ஐந்து வாரம் ஆனது, கூடுதலாக ஒரு காசு வரவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, அந்த ஐந்து வாரத்தில் வருடம் தவறாமல் வருகிற வாடிக்கையாளர் ஒருவருக்கு முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் வேறு ஓவியரைப் பார்த்துக்கொண்டார், பிறகு வரவே இல்லை.

அப்புறம்தான் ஒரே பக்கத்தில் அடங்குகிற ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டேன். பாதித் தொகை அட்வான்ஸ். முதலில் பென்சில் ஸ்கெட்ச், அதற்கு மெயிலில் ஒப்புதல் வந்த பிறகே வண்ணம். இரண்டு சுற்றுத் திருத்தம் பேசிய தொகைக்குள், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம். நடுவில் கைவிட்டால் அதுவரை செய்த வேலைக்கான பணம். இதைக் காட்டினால் ஆள் ஓடிவிடுவார் என்று பயந்தேன். பெரும்பாலோர் ஓடவில்லை. படித்துப் பார்த்து வேண்டாம் என்று போனவர்கள் மூன்று நான்கு பேர் உண்டு, அவர்களோடு வேலை செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது தெரியும்.

அந்த ஒரு பக்கத்தில் உரிமை பற்றியும் ஒரு வரி இருக்கட்டும். படம் வரைந்து முடித்த கணமே, பதிவு எதுவும் செய்யாமலேயே, அதற்குப் பதிப்புரிமை வந்துவிடுகிறது. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிற 180-க்கும் மேற்பட்ட நாடுகளில் இதுதான் அடிப்படை. ஆனால் பணம் வாங்கி வரைந்த படத்தில் அது யாருக்குச் சொந்தம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதனால் உங்களுடையது என்று எழுத்தில் இருக்கட்டும். அந்த உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுப்பதும், இந்தப் புத்தகத்துக்கு, இந்த மொழிக்கு, இத்தனை வருடத்துக்கு என்று பயன்படுத்த அனுமதிப்பதும் வேறு வேறு. விலையும் வேறாக இருக்க வேண்டும். கூடவே, உங்கள் இப்போதைய அலுவலக நியமன ஒப்பந்தத்தை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். வெளி வேலை செய்ய முன் அனுமதி வேண்டும் என்றோ, பணிக்காலத்தில் உருவாக்குவது நிறுவனத்துக்குச் சொந்தம் என்றோ வரி இருக்கலாம். அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு கோடு கூட வரைய வேண்டாம்.

பிடித்தம் போய்விடுமா என்ற கேள்விக்கு, போகலாம் என்பதுதான் நேர்மையான பதில். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எல்லாருமே வரைவதில் ஆசை உள்ள குழந்தைகள். ஒரு பிரிவினரிடம் வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லி வரையச் சொன்னார்கள். சில நாள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில், அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றப் பிள்ளைகளுடையதில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் பரிசு கிடைத்த பிள்ளைகளின் ஆசையோ குறையவில்லை. சின்னக் குழந்தைகளிடம் கண்டதை 31 வயதுக்காரரின் பிழைப்புக்கு அப்படியே பொருத்த முடியாது. பரிசும் சம்பளமும் ஒன்றல்ல, இதை வைத்து ஆய்வாளர்களே பல வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். இருந்தாலும் அதில் ஓர் உண்மை இருப்பதாக என் கைக்குத் தெரிகிறது. மற்றவர் சொன்னதை வரைந்து முடித்த இரவுகளில் எனக்காக வரையக் கை எழாது. ஏழாவது வருடத்தில் கிட்டத்தட்ட எட்டு மாதம் எனக்கென்று ஒரு படமும் வரையவில்லை என்பதைக் கவனித்தபோது பயந்துபோனேன். அதிலிருந்து காலையில் முதல் அரை மணி நேரம் யாருக்கும் காட்டாத, விற்காத ஒரு நோட்டில் வரைகிறேன். பெரும்பாலும் என் இடது கை, ஜன்னல் கம்பி, நாற்காலியில் போட்ட துண்டு. அந்த நோட்டுகள் இப்போது 30 தாண்டிவிட்டன. பிடித்தம் அதில்தான் உயிரோடு இருக்கிறது. அங்கே கிடைக்கிற கோடுகள் ஆறு மாதம் கழித்து ஏதாவது ஒரு வேலைக்குள்ளும் வந்துவிடுகின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் தொட்டுவிடுகிறேன். கணினியே படம் போட்டுத் தருகிற காலத்தில் இந்தத் தொழில் இன்னும் எத்தனை நாளைக்கு என்று யார் உறுதியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். என் மேசையில் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அவசரமாக, மலிவாக, ஒரு படம் இருந்தால் போதும் என்று வருகிற சின்ன வேலைகள் எனக்குக் குறைந்துவிட்டன. கதையைப் படித்து, எழுதியவரோடு பேசி, ஒரே பாத்திரத்தை 30 பக்கத்துக்கு வளர்த்துக்கொண்டு போகிற வேலைகள் தொடர்ந்து வருகின்றன. இது என் வாடிக்கையாளர்களைப் பற்றிய செய்தி, உலகத்தைப் பற்றியது அல்ல. உங்கள் ஏழும் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது விடலாம் என்பதற்கு நான் வைத்திருந்த அளவு இது. திரும்பி வருகிறவர்கள் குறைந்தது நான்கு பேர். மொத்த வேலையில் பாதிக்கு மேல் ஒருவரையே நம்பியிருக்கக் கூடாது. ஆறு மாதச் செலவு கையிருப்பில். இவை மூன்றுக்கும் மேலாக, நேரம் இல்லாத ஒரே காரணத்துக்காக நல்ல வேலைகளைத் திருப்பி அனுப்புகிற நிலை மூன்று மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும். நான்கு என்பதும் மூன்று என்பதும் நான் எனக்காகப் போட்டுக்கொண்டவை, வேதவாக்கு இல்லை. உங்கள் துணைவருக்கு நிலையான சம்பளம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கையிருப்பைக் கொஞ்சம் தளர்த்தலாம், ஆனால் அதை அவரோடு உட்கார்ந்து, தாளில் எண்களை எழுதிப் பேசி முடிவு செய்யுங்கள். எத்தனை மாதம் வருமானம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற எண்ணை அவர் வாயிலிருந்து வர விடுங்கள்.

இந்த வாரம் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். அதற்குப் பதிலாக ஏழு வேலை கொடுத்தவர்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, இரண்டாவது முறை வந்தவர்களுக்கு நேரே கோடு போடுங்கள். கோடு இல்லாதவர்களுக்கு ஆளுக்கு நாலு வரி எழுதி அனுப்புங்கள்: புத்தகம் எப்படிப் போனது, அடுத்து என்ன திட்டம், அடுத்த முறை நான் என்ன வேறு மாதிரி செய்யலாம் என்று. கடைசிக் கேள்விக்குச் சிலர் பதில் போடமாட்டார்கள். போடுகிறவர்களின் பதிலை அச்செடுத்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்தத் தாளில் எத்தனை கோடு இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள், அப்போது நாம் தேதியைப் பற்றிப் பேசலாம்.